தலை காத்தல்

மனித உடலிலே உயிரற்ற பொருளாக இருந்துகொண்டே உயிருள்ள உறுப்புகளிலும் மேலான மதிப்பைப் பெற்றுவிட்டது தலைமயிர். அதனைக் கத்தரித்தால் நோவதில்லை; உதிர்ந்தால் குருதி வடிவதில்லை. ஆயினும் அது குறையத் தொடங்கும்போது ஆடவர் பலர் அடையும் துயரம், உறுப்பொன்றை இழந்தவரின் துயரத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. இதில் வியப்புக்குரியது யாதெனில், இழந்த மயிரைப் பற்றி நாளெல்லாம் எண்ணி வருந்துகின்றவர், அம்மயிர் மூடியிருந்த தோலைப் பற்றி ஒரு கணமேனும் எண்ணுவதில்லை என்பதே. வழுக்கை பற்றிய பேச்சுகளில் எப்போதும் விடுபட்டுப் போவது தலையே எனலாம்.

தமிழ் வழக்கில் மொட்டை வேறு, வழுக்கை வேறு. முருகன் கோயிலில் நேர்த்திக்கடனாக முடியிறக்கி வருபவரை ஊரார் பயபக்தியோடு நோக்குவர். பௌத்த துறவியின் மழித்த தலையைக் கண்டதும் கைகள் தாமாகவே குவிகின்றன. ஆனால், எந்த நேர்த்தியும் வையாமல், எந்தத் துறவும் பூணாமல், காலம் செய்த கைவேலையால் அதே கோலத்தை அடைந்தவரைக் கண்டால் சிறுவர் வாய்பொத்திச் சிரிப்பர். மனிதன் தானாக நீக்கினால் துறவு; அது தானாக நீங்கினால் நகைப்பு. இவ்விரு தலைகளுக்குமிடையே வெயிலும் மழையும் எவ்வித வேறுபாடும் காண்பதில்லை.

தம் நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தருக்குத் தலையிலிருந்து விழுந்த மயிரை உவமை கூறினார் வள்ளுவர். வழுக்கையரை எள்ளுவோர் இவ்வுவமையைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆழ்ந்து நோக்குமிடத்து, அங்கே இழிவு கூறப்படுவது விழுந்த மயிருக்கேயன்றி, அதனை இழந்த தலைக்கு அன்று. தலை தன் இடத்திலேயே இருக்கின்றது.

அவ்வாறு எஞ்சியிருக்கும் தலையின் நிலையைக் கண்டுகொண்ட பழம்புலவர் ஒருவர் உளர். வடமொழியில் நீதிசதகம் பாடிய பர்த்ருஹரி, வழுக்கைத் தலையன் ஒருவனைக் காட்டுகிறார். உச்சியை ஞாயிற்றின் கதிர்கள் சுட, நிழல் தேடி ஓடிய அவன் பனையொன்றின் அடியிலே ஒதுங்குகிறான்; அவ்வேளை பெரும் பழமொன்று வீழ்ந்து அவன் தலையைப் பிளக்கின்றது. நற்பேறு அற்றவன் எங்குச் சென்றாலும் இடர் அவனைப் பின்தொடரும் என்பதே புலவர் சொல்ல வந்தது. ஊழை ஒருபுறம் வைத்துவிட்டு, மருத்துவக் கண்கொண்டு நோக்கினால், வழுக்கைத் தலைக்கு நேரும் இரு பெரும் இடர்களும் அங்கே சொல்லப்பட்டுவிட்டன. ஒன்று வெயில், மற்றையது அடி. ஆவணியில் பனம்பழம் விழும் ஓசை கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இக்கதைக்கு உரை வேண்டியதில்லை.

ஆனால் உலகம் வழுக்கையைக் காப்பதிலும் அதனை மறைப்பதிலேயே பெரிதும் முயன்று வந்துள்ளது. உரோமைத் தன் கைக்குள் அடக்கிய யூலியஸ் சீசர், எஞ்சிய மயிரை முன்னோக்கி வாரி வழுக்கையை மறைத்தார் என்றும், வெற்றிக்குரிய இலைமாலையை எக்காலமும் சூடிக்கொள்ளும் உரிமையையே ஏனைய சிறப்புகளிலும் விரும்பி ஏற்றார் என்றும் சுவெற்றோனியஸ் எழுதிவைத்தார். 1977ஆம் ஆண்டில், தலையின் மூன்று புறத்து மயிரையும் நீளவிட்டு ஒன்றன்மேலொன்றாக வாரி வழுக்கையை மூடும் முறைக்கு, தந்தையும் மகனுமான இருவர் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமையே பெற்றுக்கொண்டனர். ஈராயிரம் ஆண்டுகளில் மனிதன் அடைந்த முன்னேற்றம், ஒரு புறத்து மயிரிலிருந்து மூன்று புறத்து மயிருக்கு வந்தமையே போலும்!

வழுக்கை ஏன் விழுகின்றது என்பது இன்று பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதனைப் பண்டைக் கிரேக்கரே அறிந்திருந்தனர். அத்தகையோருக்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது, பரம்பரையில் அவ்வியல்பு உடையோருக்கு முடி உதிர்ந்தமையை 1942ஆம் ஆண்டில் அமெரிக்க உடலமைப்பியலாளர் ஜேம்ஸ் ஹமில்ற்றன் எடுத்துக்காட்டினார். மயிரின் வேர்ப்பைகள் அழிந்துபோவதில்லை. ஓமோனின் தூண்டுதலால் படிப்படியாகச் சுருங்கி, கண்ணுக்குப் புலப்படாத பூமயிரை மட்டும் தோற்றுவிக்கின்றன. தலைக்கு எண்ணெய் வையாமையோ, அளவுக்கு மீறிய கல்வியோ, மனைவியின் கைச்சமையலோ இதற்குக் காரணமன்று. இஃது ஒரு நோயுமன்று. வட்டவட்டமாகத் திடீரென முடி கொட்டும் புழுவெட்டும், தோல் சிவந்து தழும்பாகும் நிலைகளும் வேறானவை. அவற்றையே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மருந்துகளும் இல்லாமலில்லை. குருதியமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட மினொக்சிடில் 1988இலும், பினாஸ்ரரைட்டு 1997இலும் ஆடவர் வழுக்கைக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சிலருக்கு அவை பயன் தருகின்றன. ஆனால் பயன்படுத்தும்வரையே அப்பயன் நிலைக்கும். நிறுத்தியதும் தலை தன் பழைய வழியே செல்லும். இவற்றை நாடுவது அவரவர் விருப்பம். மயிருக்காகச் செலவிடும் பணத்திலும் கவலையிலும் பத்தில் ஒரு பங்கையேனும் தோலுக்காகச் செலவிடுவோர் மிகச் சிலரே என்பதுதான் இங்கு கருதத்தக்கது.

மயிர் தலையில் வெறும் அணியாக இருக்கவில்லை. பல வேலைகளை அது செய்துவந்தது. வெயிலைத் தடுத்தது, வியர்வையைப் பிடித்துவைத்து நெற்றியில் வழியாமல் காத்தது, குளிரில் வெப்பத்தை அடக்கியது, தாழ்ந்த கூரையோ மரக்கிளையோ தலையில் மோதுமுன் அதன் நுனியிலே தொடுகையை உணர்த்தி எச்சரித்தது. வழுக்கையர் தலையில் சிராய்ப்புகள் மிகுந்து காணப்படுவது அவர்கள் கவனமற்றவர்கள் என்பதனால் அன்று. காவற்காரன் போய்விட்டான் என்பதனாலேயே. மயிர் செய்த இவ்வேலைகள் அனைத்தையும் இனி அவரவர் கையே செய்தாக வேண்டும்.

இவற்றுள் தலையாயது வெயிலைத் தடுத்தல். இலங்கை வட அகலக்கோடு ஏறத்தாழ 6 முதல் 10 பாகை வரையில் அமைந்திருப்பதால் ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் முற்பாதியிலும் ஓகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரையிலும், நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கின்றது. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் தலையில் வைத்து நீராடும் நாள்கள் வடபகுதியில் ஞாயிறு உச்சியில் நிற்கும் நாள்களே. ஏனைய உறுப்புகள் ஞாயிற்றைச் சாய்வாகவே எதிர்கொள்கின்றன. உச்சந்தலையோ நேருக்கு நேர் எதிர்கொள்கின்றது. ஊதாக்கடந்த கதிர்கள் மெல்லிய முகிலையும் ஊடுருவுவன. கரிய தோலிலுள்ள மெலனின் பெருமளவு காவலளிக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் அக்காவல் முழுமையானதன்று. வெளுத்த மேனியர்க்கும் வெண்புள்ளி படர்ந்தோர்க்கும் அது மேலும் குறைவு.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். சற்றே வெளுத்த மேனியர். முப்பத்தைந்து வயதிலேயே உச்சி வெளித்துவிட்ட அவர், இடக்காதின் மேலே மயிரை நீளவளர்த்து வலப்புறமாக வாரி ஒட்டிவைப்பதில் தேர்ந்திருந்தார். சோளகம் வீசும் மாதங்களில் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்லும்போது ஒரு கை கைபிடியிலும் மறுகை தலையிலுமாகவே இருக்கும். தொப்பி அணியும்படி மனைவியார் பன்முறை கூறியும் அவர் இணங்கவில்லை. தொப்பியைக் கழற்றும்போது வாரிய மயிர் குலைந்துவிடுமென்பது அவர் கவலை. அந்தச் சில இழைகளோ வெயிலைத் தடுக்கவில்லை; வெயிலைத் தடுக்கக்கூடிய தொப்பியைத்தான் தடுத்தன. தம் உச்சியை எவரும் தொடவோ நெருங்கி நோக்கவோ அவர் விட்டதில்லை.

ஒரு மாலை சாய்மனைக் கதிரையில் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, பின்னால் நின்ற பேர்த்தி அத்தலையில் விரலால் கோடு கீறி விளையாடினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. “அப்பப்பா, உங்கட தலையிலை மண் ஒட்டிக் கிடக்கு. தட்டினாலும் போகுதில்லை” என்றாள். அது மண்ணன்று. பல்லாண்டு வெயிலால் தடித்துச் சொரசொரத்துப்போன தோல். இத்தகைய தடிப்புகள் கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிபவை. மணற்கடுதாசியைத் தொடுவது போலிருக்கும். இது புற்றுநோயன்று எனவும், ஆனால் விட்டுவைத்தால் இவற்றுட் சில புற்றுநோயாக மாறக்கூடும் எனவும் தோல் வைத்திய நிபுணர் விளக்கி, திரவ நைதரசனால் அதனை உறையச்செய்து நீக்கினார். சில நிமிட வேலை. அதற்கு முந்திய முப்பது ஆண்டு மறைத்தலோ நாள்தோறும் கால்மணி நேர வேலை.

அடுத்த வாரமே ஆசிரியர் அந்த நீள்மயிரைக் கத்தரித்துவிட்டு, அகன்ற விளிம்புடைய தொப்பியொன்றுடன் வீதியில் இறங்கினார். ஊரார் வியப்பர் என எதிர்பார்த்திருந்தார். எவரும் வியக்கவில்லை. அவர் வழுக்கையர் என்பது ஊருக்கு என்றோ தெரிந்த செய்தி. அறியாதவர்போல இருந்தது ஊராரின் பெருந்தன்மை.

வழுக்கைத் தலையைப் பேணுதல் அரிய கலையன்று. அத்தோலில் நெய்ச்சுரப்பிகள் முன்போலவே இயங்குகின்றன. தலை பளபளப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே மயிர் இல்லையே என்று வெறும் நீரூற்றி விடாமல் மென்மையான சவர்க்காரத்தால் கழுவுதல் வேண்டும். பொடுகு மயிருக்கு வரும் நோயென்று கருதுவோர் உளர். அது தோலில் வாழும் ஒருவகை மதுவத்தோடு தொடர்புடையது. நெய்ப்பொருளை உண்டு வாழும் அம்மதுவம் வழுக்கையிலும் வாழும். பொடுகு உள்ளவர் இரவு முழுவதும் எண்ணெய் ஊறவிடுதல் அதற்கு விருந்து வைப்பதாகும். பொடுகில்லாத வறண்ட தலைக்கு நல்லெண்ணெய் மென்மை தரும், மயிர் தராது. தேசிக்காய்ச் சாற்றைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் செல்வது தீங்கானது. அச்சாற்றிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொக்களிக்கச் செய்து கரும்படை விட்டுச்செல்லும்.

எஞ்சிய மயிரையும் மழிக்க விரும்புவோர், குளித்துத் தோல் இளகியபின், மயிர் வளரும் திசையிலேயே மெதுவாக மழித்தல் நன்று. அலகு புதிதாகவும் தனக்கே உரியதாகவும் இருத்தல் வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய அலகு மற்றவருக்கு ஈரல் அழற்சிக் கிருமியைக் கொண்டுசெல்லக்கூடும். காலை 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை குடையோ, தொப்பியோ, தலைப்பாகையோ இன்றி வெளிச்செல்லாதிருத்தல் சிறந்தது. தோட்டத்தில் இறைப்பவர் துவாயைத் தலையிற் கட்டுவதன் பொருளைப் பட்டதாரிகள் அறிந்துகொள்ளுதல் நலம். மூட இயலாத வேளைகளில் காப்பளவு 30 உடைய வெயில்காப்புக் களிம்பைப் பூசலாம். அது தோலைச் சுடும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். வியர்த்து வழியும் நாட்டில் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும்.

இவையனைத்திலும் கடினமானது ஒன்றுண்டு. மனிதன் தன் உச்சந்தலையைத் தானே காணமுடியாது. முகத்திலே ஒரு புள்ளி தோன்றினால் கண்ணாடி சொல்லும். கையிலே தோன்றினால் கண் சொல்லும். உச்சியில் தோன்றுவதைப் பிறர்தாம் சொல்லவேண்டும். யாழ்ப்பாண வழக்கில் நாட்டு வைத்தியரையும் முடிதிருத்துபவரையும் ‘பரியாரி’ என்ற ஒரே சொல்லால் அழைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. பலநூறு தலைகளை நெருங்கிக் கண்ட கண் அது. மாறாத புண், நிறம் மாறும் மறு, தொட்டால் உறுத்தும் தடிப்பு என்பவற்றை மனைவியோ, மக்களோ, முடிதிருத்துபவரோ சுட்டினால் நாணாமல் கேட்டு வைத்தியரை நாடுதல் வேண்டும். மாதத்தில் ஒருநாள் தலையைப் பிறர் முன்னே குனிந்து காட்டுவதற்கு வேண்டியது மருந்துமன்று, பணமுமன்று. சிறிது நாணம் விடுதலே.

இழந்ததை எண்ணி ஏங்கும் மனம், எஞ்சியதைப் பேண மறக்கின்றது. மயிர் இருந்தபோது அது தலையைக் காத்தது. மயிர் போனபின் தலையைக் காக்கும் கடமை தலைக்கு உரியவனை வந்து சேர்கின்றது. அக்கடமையை ஏற்றுக்கொண்டவர் வெயிலிலே குடை பிடித்துச் செல்கிறார். காற்றடித்தால் அவர் கை தலைக்குப் போவதில்லை, குடைக்கே போகின்றது.