இரண்டாவது சிலிண்டர்

நண்பர் ஒருவர் புரோக்கர் மூலமாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி உதறியது. ஒரு ஒர்க் ஷாப்பில் காயிலை மாற்றினார்கள். விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. பிளக்கை மாற்றினார்கள், அப்படியேதான் இருந்தது. அடுத்தது இன்ஜெக்டர் என்றபோதுதான், உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக் இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார். நானும் கூடப் போனேன்.

உத்திரமேரூர் என்றால் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். இன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓயாமல் ஓடுபவை ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள். அந்த மெக்கானிக் தொழில் கற்றதே டிப்பர்களுக்கு அடியில் படுத்துத்தான். தகரக் கொட்டகையும் ஒரு வேப்பமரமும்தான் பட்டறை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினார். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு இது. 'பி 0302' என்ற கோடு (code) வந்தது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு தள்ளு வாங்குகிறது. ஒன்று தவறினால் அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவை சென்சார் காட்ட, வண்டியின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது.

"எந்தச் சிலிண்டர்னு மட்டும்தான் சார் இது சொல்லும். ஏன்னு நாமதான் பார்க்கணும்" என்றார்.

இரண்டாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதை இரண்டாவதில். காயில் கெட்டிருந்தால் கோடும் கூடவே இடம் மாறி 'பி 0301' ஆகியிருக்க வேண்டும். மாறவில்லை. கோடு பதிவான நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். அதில் கூலன்ட் சூடேறவே இல்லை என்றிருந்தது. நண்பர் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி வண்டி எங்க நிக்கும்?"

"வீட்டுப் பக்கத்துல, வைக்கோல் போர் ஓரமாண்ணே."

அவர் சிரித்துவிட்டு வண்டியை ராத்திரி பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் பனி ஈரம் காய்வதற்குள் பார்த்தோம். மல்டிமீட்டரில் காயில் கனெக்டருக்கு 12 வோல்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு வயர் பற்றவைத்த பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். முதல் சிலிண்டர் கனெக்டரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் அழுது வடிந்தது. மல்டிமீட்டர் கரண்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. அதனால் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கிறது. நைந்த வயரால் அதைக் கொடுக்க முடியாது.

வயரிங்கின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். எலி கடித்த இடத்தில் செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பு பிடித்து, இரண்டு மூன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்தன. கெட்ட பகுதியை வெட்டி, புது வயர் சேர்த்து ஈயப்பற்று வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். உதறல் நின்றது.

கூலி 600 ரூபாய். அதற்கு முன் மாற்றிய காயிலுக்கும் பிளக்குக்கும் அதைப் போலப் பல மடங்கு போயிருந்தது. பொருளை மாற்றினால் பில் போடலாம், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கமிஷனும் உண்டு. கண்டுபிடித்தவனுக்கு என்ன கிடைக்கிறது? "ஒரு வயர்தானே" என்று நூறு ரூபாயைக் குறைக்கப் பார்க்கிறோம். மூளைக்குக் கூலி கொடுக்க மறுப்பவர்கள் நாம்தான். பொருளை மாற்றித் தள்ளுகிறவர்கள் நம்மால்தான் பிழைக்கிறார்கள். சிலிண்டர் எரியாமல் ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் சுட்டுக் கெடுக்கும். அந்தச் செலவை நண்பருக்கு மிச்சப்படுத்தியவர் இவர்.

புரோக்கர் மீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. விற்பதற்கு முன் ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு உள்ளேயே இருக்கும். ஆனால் அழித்ததற்குத் தடயம் உண்டு என்று மெக்கானிக் காட்டினார். வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று ஸ்கேனரில் ஒரு பட்டியல் வரும். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அது முதலிலிருந்து தொடங்கும். வாங்கப் போகும் காரில் அந்தப் பட்டியல் பாதி முடியாமல் கிடந்தால், ஏன் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், அட்வான்ஸ் கொடுக்காமல், வண்டியைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள்.