கைக்கணக்கு

சென்ற மாதம் மும்பையிலிருந்து மகள் போனில் கூப்பிட்டாள். மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி ஒன்றில் பொறுப்பான இடத்தில் இருக்கிறாள். பெண்கள் ஏன் முதலீட்டுப் பக்கம் வருவதில்லை என்று ஒரு கூட்டத்தில் பேச வேண்டுமாம். 'பாட்டி எதிலாவது பணம் போட்டிருந்தாளா அப்பா?' என்று கேட்டாள். 'இல்லை' என்றேன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவன் சொன்ன பதில் என்பதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பொய் என்று உறைத்தது.

அம்மா கும்பகோணத்தில் ஏலச்சீட்டுப் பிடித்தாள். 20 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய். முதல் சீட்டு, பிடிக்கிறவள் என்ற முறையில் அவளுக்கு. இரண்டாம் மாதத்திலிருந்து எங்கள் வீட்டு ரேழியில் ஏலம். அவசரக்காரி ஒருத்தி 400 தள்ளி 1600க்கு எடுத்தால், தள்ளின 400 இருபது பேருக்கும் கசராகப் பிரியும், ஆளுக்கு 20. அந்த மாதம் எல்லோரும் 80 கட்டினால் போதும். முதலில் எடுப்பவள் கடன் வாங்குகிறவள், கடைசிவரை பொறுத்திருப்பவள் பணம் போடுகிறவள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் வளைகாப்பு, யார் வீட்டுக்காரர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், யார் எவ்வளவு வரை தள்ளத் துணிவாள் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். பிற்பாடு வங்கியில் கடன் விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு நாங்கள் அறிக்கை எழுதியதெல்லாம் இந்த அறிவின் மிக மட்டமான நகல்.

ஒருத்தி மூன்றாம் சீட்டை எடுத்துக்கொண்டு ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போய்விட்டாள். பாக்கிப் பதினேழு மாதமும் அம்மா தன் கையிலிருந்து போட்டாள். வளையல் அடகுக்குப் போயிற்று. சீட்டு நிற்கவில்லை. பெண்களுக்கு நஷ்டத்தைத் தாங்கும் துணிச்சல் கிடையாது, ஆகையால் தங்கத்திலும் டெபாசிட்டிலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்ற அபிப்பிராயத்தை இப்போது புள்ளிவிவரங்களோடு சொல்கிறார்கள். சொல்பவர்கள் அந்தப் பதினேழு மாதங்களை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. பதிவு செய்யாத சீட்டு. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

1978 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவும் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. மீதியை இங்கே பொதுமக்களுக்கு விற்றார்கள். விலையை நிர்ணயித்தது கம்பெனி அல்ல, டில்லியில் இருந்த மூலதன வெளியீட்டு அதிகாரி. அவர் கொஞ்சமாகவே நிர்ணயிப்பார். விண்ணப்பப் படிவங்கள் எங்கள் கவுண்டரில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தினசரியில் ஒரு பற்பசைக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அம்மா, 'ஏண்டா, தெருவே இதுலதான் பல் தேய்க்கிறது. இதுல நாமும் சேரலாமா?' என்று கேட்டாள். கையில் 6000 ரூபாய் வைத்திருந்தாள், எல்லாம் சீட்டில் சேர்ந்தது.

நான் சிரித்தேன். அது சூதாட்டம் அம்மா என்றேன். பிறகு படித்தவன் என்ற தோரணையில் பணத்தை வாங்கிப் போய் என் கிளையிலேயே வைப்புத்தொகையில் போட்டேன். அப்பா பெயரிலும் என் பெயரிலும். இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர். அம்மாவின் பெயரைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதில் துரோகம் எதுவும் இருப்பதாக அன்று நான் நினைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வழக்கம் அப்படி. வழக்கத்துக்கு மனசாட்சி தேவைப்படுவதில்லை.

பங்கை வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. இல்லை, போட்டுப் பார்த்தேன். இங்கே எழுதப் போவதில்லை.

அதே சமயம் சென்னையில் எங்கள் கவுண்டருக்குப் பூக்காரிகளும் இட்லிக்காரிகளும் குழுக் குழுவாக வரத் தொடங்கினார்கள். ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரத்தைச் சேர்ந்தவர்கள். ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் 1972 முதல் இருந்தது, அதைக் கேட்டு வந்தார்கள். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தோம். 'வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாம்மா' என்று நானே சொல்லியிருக்கிறேன். வங்கிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து 1981இல் அவர்கள் சொந்தமாகவே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அகமதாபாத்தில் சேவா பெண்கள் 1974லேயே, 4000 பேர் ஆளுக்குப் 10 ரூபாய் போட்டு, வங்கியே தொடங்கியிருந்தார்கள். செய்தி எங்களுக்கும் வந்தது. தர்ம காரியம் என்று நினைத்துக்கொண்டோம்.

2013 அக்டோபரில் ஸ்டேட் வங்கியின் தலைமைக்கு முதன்முறையாக ஒரு பெண், அருந்ததி பட்டாச்சார்யா, வந்தார். அடுத்த மாதமே அரசாங்கம் பாரதிய மகிளா வங்கியைத் திறந்தது. 2017 ஏப்ரலில் அது அதே ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டு மறைந்தது, அவர் தலைமையில் இருக்கும்போதே. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. உச்சியில் ஒரு நாற்காலி மாறுவதும் கீழே ஒரு படிவத்தில் ஒரு பெயர் மாறுவதும் வேறு வேறு காரியங்கள். முதலாவது செய்தியாகிறது.

பங்குச் சந்தை முதலீட்டாளர்களில் பெண்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்று மகள் சொன்னாள். அந்த நான்கில் ஒன்றையும் நான் சந்தேகப்படுகிறேன். எனக்குத் தெரிந்த வீடுகளில் டீமேட் கணக்கு மனைவி பெயரில் இருக்கும், பாஸ்வேர்டு கணவனுக்குத் தெரியும், ஓடிபி வந்தால் சமையலறையிலிருந்து படித்துச் சொல்வாள். அம்மாவுக்குக் கை இருந்தது, பெயர் இல்லை. இவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மகளின் கூட்டத்தில் இதைக் கணக்கெடுக்க வழி இருக்குமா?

1986இல் அப்பா போனார். உயிருடன் இருப்பவன் நான். வைப்புத்தொகை வட்டியோடு என் கைக்கு வந்தது. தாம்பரத்துக்கு அப்பால் மனை வாங்கியபோது அதில் போயிற்று. கிரயப் பத்திரத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். 'கிழக்குப் பார்த்த மனையா?' என்று மட்டும் கேட்டாள்.

இப்போது போனுக்குப் பிறகு பரணிலிருந்து அவள் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். சீட்டு நோட்டுகள் ஏழு. பணம் வந்து சேர்ந்ததும் பெயரின் மேல் ஒரு கோடு இழுப்பது அவள் வழக்கம். ஓடிப்போனவள் பெயரிலும் கோடு இருந்தது. தானே கட்டி அடித்துவிட்டாள். கடைசி நோட்டின் பின்பக்கத்தில் என் பெயர். எதிரே 6000. 1978, ஐப்பசி 16. கோடு இல்லை.

மகளைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'வட்டி எவ்வளவு போட்டிருக்கா?' என்று கேட்டாள்.

வட்டி எழுதவில்லை. தேதி மட்டும்தான் இருக்கிறது.