மருந்தாளுநரின் கைப்பழக்கம்: கலவை மருந்துக் காலத்து வேலையும் ஓர் இல்லறமும்

தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நின்று வேலை செய்தவர்களின் கைத்திறன், மருத்துவர்களின் பணி அளவுக்கு விரிவாகப் பதிவு பெறவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து, தேவையான சரக்குகளை அளந்து கலந்து, நோயாளியின் கையில் மருந்தாகக் கொடுத்த இவர்களை மக்கள் கம்பவுண்டர் என்றே அழைத்தனர். அரசு ஆவணங்கள் மருந்தாளுநர் என்று குறித்தன. காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரின் குடும்பத்தாரும், அவரோடு பணியாற்றியவர்களும் நேரில் சொன்ன செய்திகளைக் கொண்டு, இத்தொழிலின் நுட்பத்தையும் அது ஒரு குடும்ப வாழ்வில் ஊடுருவியிருந்த விதத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நாட்டில் விற்கப்பட்ட மருந்துகளின் தரம் பற்றி ஆராய 1930இல் ராம் நாத் சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தோடு அவற்றைக் கையாள்வோருக்கான முறையான கல்வியும் வேண்டும் என்று எடுத்துக்காட்டியது. 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் கல்வியைத் தொடங்கிவைத்தார். 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து கலந்து வழங்க வேண்டும் என்னும் நெறி பின்னதன் வழியே நிலைபெற்றது. மருத்துவரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியே பலர் கற்றுக்கொண்ட வேலை இவ்வாறு பாடத்திட்டமும் தேர்வும் உடைய தொழிலாக மாறிய காலத்தில் பட்டயம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் இம்மருந்தாளுநர்.

அக்காலத்து மருந்தறையில் வேலையின் பெரும்பகுதி கலவை மருந்தைத் தயாரிப்பதாகவே இருந்தது. வயிற்று உப்புசத்துக்கான கார்மினேட்டிவ் மிக்ஸர், தொண்டையில் தடவும் அயோடின் பெயிண்ட், படர்தாமரைக்குப் பூசும் விட்ஃபீல்டு களிம்பு ஆகியவை அங்கேயே உருவாயின. புட்டியிலிருந்து மருந்தைச் சாய்க்கும்போது பெயர் ஒட்டிய பக்கம் உள்ளங்கையை நோக்கியே இருக்க வேண்டும். இல்லையெனில் வழியும் துளி எழுத்தை அழித்துவிடும். கழற்றிய மூடியை மேசையில் வைக்காமல் சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் பிடித்துக்கொண்டே ஊற்ற வேண்டும். அப்போதுதான் ஒரு புட்டியின் மூடி இன்னொன்றுக்குப் போகாது. அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, திரவப் பரப்பின் வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். புட்டியை எடுக்கும்போதும், அளக்கும்போதும், திரும்ப வைக்கும்போதும் அதன் பெயரை மூன்று முறை படிப்பது இவை அனைத்துக்கும் மேலான விதியாகும். ஓய்வு பெறும் நாள்வரை அவர் அதைக் கைவிடவில்லை என்று உடன் பணியாற்றியோர் உறுதியாகக் கூறுகின்றனர்.

தூள் மருந்து கலப்பதில் நுட்பம் இன்னும் கூடுதல். வீரியமிக்க மருந்து சிறிதளவும், பால் சர்க்கரை எனப்படும் லாக்டோஸ் பெருமளவும் கலக்க வேண்டியிருக்கும்போது இரண்டையும் ஒரே தடவையில் கல்வத்தில் கொட்டினால், ஒரு பொட்டலத்தில் மருந்து மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் போகும். ஆகவே மருந்துக்குச் சமமான அளவு சர்க்கரையை முதலில் சேர்த்து அரைத்து, பின்னர் அக்கலவைக்குச் சமமான அளவை மீண்டும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இரட்டித்தே கலப்பார்கள். அரைத்த தூளை நிறுத்துப் பிரித்து, ஒரே அகலத்தில் மடித்த தாள்களில் பொட்டலமாகக் கட்டுவார்கள். மிக்ஸர் வாங்க வீட்டிலிருந்தே புட்டி கொண்டுவருவோர் பலர். வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்பது தெரிய, மடித்து ஓரம் வெட்டிய தாள் பட்டையைப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த வெட்டுகளைப் பார்த்து ஒரு வேளை மருந்தைக் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. "நல்லா குலுக்கிட்டுக் குடிங்கம்மா, அடியில தங்கிடும்" என்று சொல்லாமல் அவர் ஒரு புட்டியையும் கொடுத்ததில்லை.

இக்கவனமே அவருடைய இல்லறத்தையும் நடத்தியது. நீரிழிவு கண்ட மனைவிக்கு இன்சுலின் தொடங்கியபின், அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், உறையவிடாமல் காக்க வேண்டும் என்பதால், குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டிலும் கதவிலும் வைக்க விடாமல் நடுத்தட்டில் ஓர் எவர்சில்வர் டப்பாவை அதற்கென ஒதுக்கினார். மனைவி சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துவிட்டாரா என்று பார்த்த பின்னரே ஊசியை எடுப்பார். ஊசி போட்டபின் உணவு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். மகளின் பேறுகாலத்தில் எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர், பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது வயதை மட்டும் பாராமல் எடையையும் கேட்டு, மருத்துவர் எழுதிய அளவோடு ஒப்பிட்ட பின்பே ஊற்றுவார். குடும்பத்தார் அவரை நினைவுகூரும்போது அன்பையும் கண்டிப்பையும் வேறுவேறாகப் பிரிக்காமல் பேசுவதற்கு இதுவே காரணம்.

தொழிற்சாலையில் உருவான மாத்திரைகள் பெருகப் பெருக, கல்வமும் அளவுக் குவளையும் மருந்தறையிலிருந்து விலகின. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து தரம் சோதித்து அனுப்பும் முறை வந்தபின், மருந்தாளுநரின் வேலை இருப்புக் கணக்கு, காலாவதி நாள், சீட்டுச் சரிபார்ப்பு ஆகியவற்றை நோக்கி மேலும் நகர்ந்தது. கைத்தொழில் இத்துடன் முடிந்துவிட்டது என்று கருதுவது பொருந்தாது. ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களைக் கொண்ட இரு மாத்திரைகளைப் பிரித்தறிவதும், ஒரே மருந்தை இரு மருத்துவர்கள் எழுதியிருப்பதைக் கண்டுபிடிப்பதும், மருந்து விதிகளின் அட்டவணை எச் 1இல் அடங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காப்பதும் அதே மும்முறை வாசிப்பின் இன்றைய வடிவங்களே ஆகும்.

கலவையின் சூத்திரங்கள் 1955இல் முதற்பதிப்பு கண்ட இந்திய மருந்தியல் நூலிலும் பிற நூல்களிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன; ஆனால் அச்சூத்திரத்தை அவசரக் கூட்டத்தின் நடுவே பிழையின்றி நிறைவேற்றிய பொறுமையும் ஒழுங்கும் மனிதர்களிடத்திலேயே இருந்தன. அத்தலைமுறையில் எஞ்சியிருப்போரை அழைத்து அவர்களுடைய வேலைமுறைகளை மாணவர்கள் முன் செய்துகாட்டச் சொல்வதும், அவற்றைப் பதிவு செய்வதும் மருந்தியல் கல்லூரிகள் உடனே ஏற்க வேண்டிய கடமையாகும். மருத்துவரின் எழுத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே பிழையைத் தடுக்கும் கடைசி ஆள் மருந்தாளுநரே என்பதை, எந்தப் பாடத்தை விடவும் அம்முதியவர்களின் கைகளே மாணவர்களுக்குத் தெளிவாகக் கற்பிக்கும்.