புயலுக்குப் பின் தளவானூரும் செஞ்சியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் புறப்படும் பிரயாணிகளில் பெரும்பாலோர் ராஜகிரியின் அடிவாரத்தில் போய்த்தான் இறங்குவார்கள். நடுவழியில் விலகித் தளவானூருக்குத் திரும்புகிறவர்கள் வெகு சொற்பம். நாம் தை மாதத்து ஒரு காலை வேளையில் அவ்விதம் திரும்பினோம். அதற்குக் காரணம் உண்டு. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடந்து போகாமல் இந்தப் பிரதேசத்தின் மேலேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சங்கராபரணி கரை புரண்டது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு உயிர்கள் மண்ணுக்குள் போயின. இத்தகைய மழை நம் முன்னோர் கட்டிய கட்டடங்களை என்ன செய்யும், செய்ததைச் செப்பனிட இயலுமா என்று அறிந்துகொள்ள விரும்பினோம்.

தளவானூர்க் குன்றுக்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். (பாண்டவர்கள் வந்து தங்காத குன்று தமிழ்நாட்டில் ஒன்றேனும் உண்டோ, அறியோம்!) அதன் தெற்கு முகத்தைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த குகைக் கோயில், அவனுடைய பட்டப் பெயரால் சத்துருமல்லேசுவராலயம் என வழங்குகிறது. தூண்களுக்கு மேலே மகர தோரணம்; இரு கோடிகளிலும் வாயில் காப்போர். உள்ளே போனால் கருவறை நமக்கு நேரே இல்லை. பக்கச் சுவரில், கிழக்கு நோக்கி இருக்கிறது. பாறையின் மேல் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளைக் கண்டோம். வேறு சேதம் எதுவும் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. விழுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பக்கத்திலுள்ள மண்டகப்பட்டில் அதே மன்னன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கையும் விலக்கி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். அதைப் பெருமைக்காகச் சொன்னான் என்று அதுவரை எண்ணியிருந்தோம். இந்த நாட்டு மழையை அறிந்தே சொன்னான் என்று அன்று தோன்றியது.

செஞ்சியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றியதும், அவருடைய புதல்வர் ராஜாராம் பல வருஷ முற்றுகையைத் தாங்கி நின்றதும், 1714-ல் தேசிங்கு ராஜன் வீழ்ந்ததும் இந்த மண்ணில்தான். மகேந்திரன் ஒதுக்கிய செங்கல்லும் சுதையும் இங்கே தாராளமாகக் கலந்திருக்கின்றன. கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் சுண்ணாம்பின் பலத்தால் நிற்பவை. ஆகவே மழையின் வேலையை இங்கேதான் பார்க்க வேண்டும்.

காற்று மதிலைத் தள்ளி வீழ்த்துவதில்லை. வெளிப்புறம் ஒரு கல் வரிசை, உட்புறம் ஒரு கல் வரிசை, நடுவே மண்ணும் உடைகல்லும் என்பதே இத்தகைய மதிலின் அமைப்பு. மேற்பரப்பில் ஒரு விரிசல் இருந்தால் போதும்; நீர் உள்ளே இறங்கி நடு மண்ணை ஊறவைக்கிறது. ஊறிய மண் கனத்து, வெளிக் கற்களை நெம்புகிறது. ஒரு நாள் வயிறு புடைத்தாற்போல் சுவர் முன்னே வருகிறது. பிறகு ஒரு மழையில் சரிகிறது. அந்த முதல் விரிசலை உண்டாக்குகிறவன் யார் என்றால், காகம் எச்சத்தோடு போட்ட ஓர் அரச விதை! புயல், அந்தச் செடி மரமான பிறகு வந்து அதைப் பிடித்து ஆட்டுகிறது. வேர் கற்களை அசைக்கிறது. இந்தக் கரைக்குப் புயல் புதிதன்று. 1761-ம் வருஷப் பிறப்பு நாளில் அடித்த புயலில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்கள் சில முழுகின. ஆயினும் அவ்வருஷம் ஏப்ரலில் செஞ்சி அவர்கள் வசமாயிற்று. மனிதர் செய்த சேதமும் குறைவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே.

நிழலில் அமர்ந்திருந்த வயோதிகக் கொத்தனார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "விரிசலில் சிமிட்டியைப் பூசிவிட்டால் தீராதா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "ஐயா, சிமிட்டி சுண்ணாம்பைவிட கெட்டிதான். ஆனா அது தண்ணியை வெளியே விடாதுங்க. உள்ளே நின்ன ஈரம் பழைய கல்லையும் செங்கல்லையும் தின்னுடும்" என்றார். சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து, செக்கிலிட்டு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை வார்த்துப் பக்குவம் செய்ய நாள் பல பிடிக்கும். அந்தப் பொறுமை எல்லாருக்கும் இல்லை என்பது அவருடைய குறை. இத்தொழிலை அவருடைய பிள்ளைகள் கற்கவில்லையாம்.

அப்பொழுது நமக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்னும் புயல், அமெரிக்காவில் மியாமி நகரருகே பழைய விமானங்களைப் பாதுகாத்து வைத்திருந்த ஒரு காட்சிச்சாலையை நொறுக்கிவிட்டது. விமானத்துக்கு இறக்கை ஒடிந்தால் வரைபடம் இருக்கிறது. அதே இனத்து விமானம் இன்னொன்றிலிருந்து பாகம் கிடைக்கலாம். இல்லையேல் புதிதாய்ச் செய்யலாம். செஞ்சி மதிலுக்கு வரைபடம் அந்தக் கொத்தனாரின் கையில்தான் இருக்கிறது. சரிந்த கற்களை எண்ணிட்டு அடுக்கி, இடம் மாறாமல் மீண்டும் ஏற்றிவிடலாம். அது கடினமாயினும் ஆகக்கூடிய காரியமே. அவற்றைப் பிணைக்கும் பக்குவம் மறைந்துபோனால் எதைக் கொண்டு கட்டுவது?

2025 ஜூலையில் மராட்டியரின் இராணுவ அரண்கள் பன்னிரண்டினுள் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் சேர்ந்தது இது ஒன்றே. நமக்கு மிக்க மகிழ்ச்சி. ஆனால் இறங்கி வரும் வழியில் மதிலின் இடுக்கொன்றில் விரல் நீளமே இருந்த அரசங்கன்று ஒன்றைக் கண்டோம். காவலரிடம் காட்டினோம். அவர் அதைக் குறித்துக்கொண்டு, பிடுங்கினால் வேர் உள்ளேயே அறுந்து மறுபடி துளிர்க்கும், அதற்கென்று ஆள் வந்து மருந்திட்டு வேரைக் கொன்ற பிறகே எடுக்க வேண்டும் என்றார். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.