கூடுதல் பட்டை, குறைந்த பிரேக்

சிறு தொழில்காரர் ஒருவர் புதுச் சரக்கு வண்டி எடுத்ததும் ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் முதல் வேலைகளில் ஒன்று, பின் கமானில் இன்னொரு பட்டை சேர்ப்பது. லோடு ஏற்றினால் வண்டி பின்பக்கம் உட்காருகிறது. பட்டை சேர்த்தால் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்க்கும்போது அது தாங்குகிறது என்ற நம்பிக்கை வருகிறது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் இந்த நம்பிக்கையை மறுத்துச் சொல்லியாக வேண்டும். பட்டை சுமப்பதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் மொத்த எடை என்பது எத்தனை கிலோவோடு ஓடினால் அந்த வண்டியை நிறுத்த முடியும் என்று சோதித்துச் சொன்ன அளவு. ஓவர்லோடு அபராதம், இழுவை விதி, இன்சூரன்ஸ் நிபந்தனை என்று சிறு வியாபாரியை எரிச்சலூட்டும் எல்லாவற்றையும் அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் எது நியாயம், எது நியாயமில்லை என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பல சின்னச் சரக்கு வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. லோடு சென்சிங் வால்வு என்பார்கள். ஒரு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ அதை அச்சோடு இணைக்கிறது. வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரங்கள் மீது அதிக பாரம் கிடையாது. அப்போது முழு அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் அவை சுழலாமல் நின்றுபோய், பின்பகுதி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதனால் வால்வு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது. லோடு ஏறி வண்டி உட்கார உட்காரக் கம்பி அசைந்து, அழுத்தம் கூடுகிறது. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே வால்வு லோடை அறிகிறது. வேறு வழி அதற்கு இல்லை. கூடுதல் பட்டை போட்ட வண்டியில் ஒரு டன் ஏற்றினாலும் அது அதிகம் தாழாது. வண்டி பாதி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். லோடு கூடிய நேரத்தில் பின் பிரேக் சோம்பி நிற்க, சுமை எல்லாம் முன் பிரேக் மீது விழுகிறது. இப்படிப்பட்ட வண்டியில் முன் பேட் சீக்கிரமே தேய்ந்து வரும். பின் டிரம்மைக் கழற்றினால் லைனர் தேயாமல் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். பிரேக் பிடிக்கவில்லை என்று சிலர் அந்த வால்வுக் கம்பியை வளைத்து, எப்போதும் முழு அழுத்தம் போகும்படி செய்துவிடுகிறார்கள். லோடோடு போகும்போது அது சரியாகத் தோன்றும். இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பும்போதுதான் வண்டி சுற்றிக்கொள்ளும்.

எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கில் பெரும்பாலோர் தொடங்கும் இடமே தவறு. 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் குட்டி யானை, முக்கால் டன் வண்டி என்று பெயர் வாங்கியது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆக 15 மூட்டை என்று மனக்கணக்கு. ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டியின் வெறும் எடையில் டிரைவரும் உடன் வருபவரும் சேர்த்தி இல்லை. மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் மிஞ்சுவதில் அவர்கள் இருவரின் எடையும் அடங்கும். ஆளுக்கு 65 கிலோ என்றாலும் இரண்டரை மூட்டை போயிற்று. வாங்கியபின் வைத்த இரும்புக் கூண்டு, டூல் பாக்ஸ் எல்லாம் இன்னும் கொஞ்சம் தின்னும். ஆக 15 மூட்டை 12 ஆகிறது. மணலில் நிலைமை இன்னும் மோசம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். ஏழு அடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் ஒரு அடி உயரமும் கொண்ட பாடியை விளிம்பு வரை நிரப்பினால் 30 கன அடியைத் தாண்டும். எடை 1,350 கிலோவுக்கு மேல், ஈர மணல் என்றால் இன்னும் கூடும். குவிக்காமல், கண்ணுக்கு ஒழுங்காக, விளிம்போடு நிற்கிற லோடுதான் அனுமதித்ததில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே பாடி நிறைந்ததா என்று பார்ப்பது எடை பார்ப்பது ஆகாது. புதுப் பொருள் ஏற்றும்போது ஒரு முறையாவது எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டால், அதற்குப்பின் பாடியில் எந்த உயரம் வரை ஏற்றலாம் என்று சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

கம்பெனிக்காரன் எப்படியும் கொஞ்சம் தாராளமாகத்தான் செய்திருப்பான், அரை டன் கூடினால் என்ன என்று கேட்பார்கள். சேசிஸ் உடையாமல் இருக்க இரும்பில் தாராளம் இருக்கிறது, உண்மைதான். பிரேக்கின் வேலை சூட்டை வெளியேற்றுவது. அதில் அத்தனை தாராளம் கிடையாது. இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசே கனரக லாரிகளின் அச்சு எடை வரம்பை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. நேற்று வரை குற்றமாக இருந்த எடை இன்று சட்டப்படி சரி என்றால், அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? அந்த வரம்பு சாலையையும் பாலத்தையும் கருதி அச்சுக்குப் போடப்படும் உச்சவரம்பு. சின்ன வண்டியின் மொத்த எடை அந்த உச்சவரம்புக்கு வெகு கீழே, வண்டியைச் செய்தவர் தன் பிரேக், டயர், அச்சு இவற்றைச் சோதித்துச் சான்று பெற்ற அளவு. அரசாணை மாறினாலும் டிரம்மின் அகலம் மாறப்போவதில்லை.

வாடகைக் கணக்கைச் சொல்லி வைக்கும் எதிர்வாதத்தை இப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. பேசுகிற வாடகை ஒரு நடைக்கு. 24 மூட்டையை இரண்டு நடையாக அடித்தால் இரண்டாவது நடைக்கு யாரும் காசு தரமாட்டார்கள். டீசலும் டிரைவர் பேட்டாவும் வண்டிக்காரர் தலையில்தான். தவறு செய்யச் சொல்கிற கடைக்காரரும் வீட்டுக்காரரும் அபராதத்தில் பங்கெடுப்பதில்லை. அபராதமும் அளவறிந்ததாக இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், முன்பு 2,000 ரூபாயாக இருந்த அடிப்படை அபராதம் 20,000 ஆனது. மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அரை டன் மிஞ்சிய குட்டி யானைக்கும் பல டன் மிஞ்சிய பத்துச் சக்கர லாரிக்கும் தொடக்கத் தொகை ஒன்றே. சின்ன வண்டிக்காரருக்கு அது தொழிலையே முடக்கும் தொகை. பெரிய லாரிக்கு நாலைந்து நடையில் சரிக்கட்டிவிடக்கூடிய செலவு. வண்டியின் அளவுக்கும் மிகையான எடையின் விகிதத்துக்கும் ஏற்றபடி அதைப் படிப்படியாக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அபராதம் அநியாயம் என்பதிலிருந்து எடை வரம்பும் அநியாயம் என்று தாவ முடியாது. வண்டிக்காரர்கள் கேட்க வேண்டியது நடைக்கு வாடகை என்பதை மாற்றி டன்னுக்கு வாடகை என்று பேசும் வழக்கம். கல், ஜல்லி, மணல் எல்லாம் யூனிட்டில் விலை பேசும் ஊரில் வாடகையை எடையில் பேச முடியாமல் போகாது.

இழுவையில் இந்தப் பிரேக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. கட்டட வேலையில் மிக்சர் மெஷினை டிராக்டரிலோ பிக்கப்பிலோ கொக்கி போட்டு இழுத்துப் போவது அன்றாடக் காட்சி. அந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங் இல்லை, பிரேக் இல்லை, பின் விளக்கு இல்லை. ஒரு வண்டியின் பிரேக் இரண்டு வண்டிகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதிலும் கொக்கி பின் அச்சைத் தாண்டி இருப்பதால், மெஷினின் மூக்கு அதை அழுத்தும்போது முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். மெதுவாகத்தானே போகிறோம் என்பார்கள். வேகம் பாதியானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலில் ஒன்றாகும். அந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரி. இறக்கத்தில் அது போதாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சிமெண்டும் ஜல்லியும் மேலே போனால் அங்கேயே தங்கிவிடும். மெஷின் மட்டும் திரும்ப இறங்கியாக வேண்டும். வழி நெடுகப் பிரேக்கைப் பிடித்தபடி வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும், பின்னாலிருந்து மெஷின் தள்ளும். சமவெளியில் வேறொரு ஆபத்து. கான்கிரீட் போடுகிற நாளில் பாதியில் நிறுத்த முடியாது. தளம் முடிவதற்குள் இருட்டிவிடும். விளக்கில்லாத மெஷின் சாலைக்கு வருவது பெரும்பாலும் அந்த இருட்டில்தான். மறுநாள் வாடகை கூடுதலாகத் தர வேண்டும் என்பதற்காக அன்றிரவே இழுத்துப் போவதை மேஸ்திரிகள் நிறுத்த வேண்டும்.

சட்டம் இதில் பேசாமல் இல்லை. மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. ஆகவே அதற்கும் தனிப் பதிவு வேண்டும், இழுக்கிற வண்டியின் எண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளே பழுதான வண்டி, முழுதாகக் கட்டப்படாத வண்டி, சைடு கார் தவிரப் பதிவுபெற்ற டிரெய்லரை மட்டும்தான் இழுக்க அனுமதித்தன. இதை டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். மிக்சர் வைத்திருப்பவர்கள் தங்கள் மெஷினை வண்டியாகவே நினைப்பதில்லை. சிறு தொழில்காரருக்குச் சட்டம் சலுகை காட்டத் தெரியாதது என்றும் சொல்ல முடியாது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. எடையை ஆதாரமாக வைத்தே இந்தச் சலுகைகள் தரப்பட்டிருக்கின்றன. அதே முறையில் சிறு இழுவை மெஷின்களுக்கும் எளிய பதிவு ஒன்று வேண்டும். இழுக்கும் வண்டி வேகம் குறைத்ததும் கொக்கியில் விழும் அழுத்தத்தாலேயே தானாகப் பிடிக்கும் பிரேக், இரண்டு பின் விளக்கு, ஒளிரும் பட்டை, கொக்கி கழன்றாலும் விடாத சங்கிலி ஆகிய நான்கும் இருந்தால் ஒரே நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எண் கொடுத்துவிட வேண்டும். இவற்றில் எதையும் செய்ய நம் பட்டறைகளுக்குக் கை வராமல் இல்லை. செய்து கொடுத்தால் எங்கே கொண்டுபோய்ப் பதிவது, என்ன கட்டணம் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பலகையில் தமிழில் எழுதி வைத்தால், மேஸ்திரிகள் மெஷினோடு வருவார்கள்.