மாவு பிசைகிறவன்

பணி ஓய்வு நாளன்று எனக்குச் சால்வை போர்த்திய மேலாளர், "இவரைப் போல மாவு பிசைய இனி ஆள் கிடையாது" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். மருந்துக் கம்பெனியில், மாத்திரைத் தூளைக் குருணையாக்கும் கிரானுலேஷன் அறையில் முப்பத்தைந்து வருஷம் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மாவுதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? சளிக்கு எல்லோரும் விழுங்கும் சிபிஎம் 4 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போட்டது மஞ்சள் மாத்திரை, எடை 120 மில்லிகிராம். 60 கிலோ பேட்சில் 5 லட்சம் மாத்திரை வரும். அத்தனைக்கும் சேர்த்து உள்ளே போகிற குளோர்பெனிரமின் மலியேட், அதாவது சிபிஎம், 2 கிலோ. மற்ற 58 கிலோவும் லாக்டோஸ், ஸ்டார்ச், இத்யாதி. இப்படி மருந்து கொஞ்சமாக உள்ள மாத்திரைகளுக்குச் சராசரி சரியாக இருந்தால் போதாது. பத்து மாத்திரையைத் தனித்தனியே சோதிப்பார்கள். ஒவ்வொன்றிலும் மருந்து, குறிப்பிட்ட அளவில் 85 சதவீதத்துக்கும் 115 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும்.

கலப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 2 கிலோ மருந்தோடு 2 கிலோ லாக்டோஸ், அந்த நாலோடு இன்னொரு நாலு, எட்டோடு எட்டு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். மருந்து வந்த பாலிதீன் பையைக் கொஞ்சம் லாக்டோஸ் போட்டுக் குலுக்கி அதையும் கொட்ட மறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது, கலந்த பிறகு, கஞ்சி விட்டுப் பிசைந்து காயவைக்கும்போது நடப்பது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் என் சிபிஎம் பேட்ச் ஒன்று சோதனையில் விழுந்தது. சராசரி நூறை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் ஒரு மாத்திரை 82, இன்னொன்று 119. தரக் கட்டுப்பாட்டில், அதாவது க்யூ.சி.யில் இருந்தவர், "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். ரோஷம் வந்து, அடுத்த பேட்சை மிக்சரில் இரண்டு மடங்கு நேரம் சுற்றவிட்டேன். அதுவும் விழுந்தது. மாத்திரையில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். சாயம் சரியாகக் கரையவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அறையில் ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்துக் குடும்பம். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எட்டாம் வகுப்போடு நின்றவர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த நான் அவரிடம் போய்க் கேட்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. கேட்டதும் அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. ட்ரே ட்ரையர் கதவைத் திறந்து ஒரு தட்டை வெளியே இழுத்தார். மேல் பரப்பு நல்ல மஞ்சள். விரலால் ஓரத்தைக் கீறினார். அடியில் வெளுத்துக் கிடந்தது. பிறகு சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டியை எடுத்து நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். தோல் மஞ்சள், உள்ளே கிட்டத்தட்ட வெள்ளை.

"சுவத்துல உப்புப் பூக்குமே தம்பி, எங்கன பூக்கும்? வெளிய தான? தண்ணி வெளிய போவும்போது கரைஞ்சதையும் கூட்டிட்டுத்தான் போவும். சாயம் கண்ணுக்குத் தெரியுது. மருந்து தெரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது, பாரும்."

சிபிஎம் தண்ணீரில் நன்றாகக் கரையும். நான் மிக்சரில் எத்தனை மணி நேரம் சுற்றினாலும், சூடான காற்று பட்டதும் ஈரத்தோடு மருந்தும் மேலே ஏறியிருக்கிறது. காய்ந்ததை மில்லில் போட்டால் மருந்து செறிந்த தோல் உரிந்து தூளாகும். கம்ப்ரெஷன் மெஷின் அதிர அதிர ஹாப்பரில் தூள் ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம் பிரியும். 82, 119.

அவர் செய்த வைத்தியம் இதுதான். ஸ்டார்ச் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சுவார், தண்ணீர் குறைவாக. ஈரமாவு புட்டு மாவுப் பதத்துக்கு வர வேண்டும், பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, பாதி காய்ந்ததும் எடுத்துச் சல்லடையில் தேய்த்து மறுபடி பரப்புவார். ராத்திரி ஷிஃப்டில் நாற்பது தட்டை இறக்கி ஏற்றினால் தோள் கழன்றுவிடும். மூன்றாவது பேட்ச் தேறியது. க்யூ.சி.யில் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

அவர் வெறுங்கையால் பதம் பார்ப்பார். அது தப்புதான், இன்று செய்தால் வேலை போய்விடும், போகவும் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டே பதம் பார்க்கலாம் என்பதைத்தான் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு எஃப்.பி.டி. என்கிற ஃப்ளூயிட் பெட் ட்ரையர் வந்தது. தட்டு போயிற்று, காற்றில் மிதந்தபடியே காய்கிறது. ஒரு குருணையிலிருந்து இன்னொரு குருணைக்கு மருந்து நகர்வது நின்றது உண்மை. ஒரே குருணைக்குள் உள்ளிருந்து தோலுக்கு நகர்வது நிற்கவில்லை. தண்ணீர் அதிகமாகி அடியில் கட்டி விழுந்தால் பழைய கதைதான். ஆனால் இப்போதைய பையன்கள் ட்ரையர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மிக்சர் என்றால் ஆம்பியர், ட்ரையர் என்றால் எல்.ஓ.டி. என்கிற ஈரப்பத சதவீதம். திரையில் எண் வந்தால் அடுத்த பட்டன். பேட்ச் விழுந்தால் முதலில் கேட்பது, "கலக்குற நேரத்தைக் கூட்டலாமா சார்?"

கடைசி வாரத்தில் ஒரு நாள் அதே மஞ்சள் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை இறக்கச் சொன்னேன். "எல்.ஓ.டி. 1.8 வந்துடுச்சு சார், ஓகேதான்" என்றான் பையன். கையுறையோடு அடியில் துழாவி ஒரு கட்டியை எடுத்து அவன் முன்னால் பிளந்தேன். பார்த்தான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான், அதைச் சொல்ல வேண்டும். இன்னொன்றை அவனே எடுத்துப் பிளந்தான்.

பிறகு பேட்ச் ரெக்கார்டைப் புரட்ட ஆரம்பித்தான். 2023 டிசம்பரில் மருந்து உற்பத்தி விதிகளான ஷெட்யூல் எம் திருத்தி வந்த பிறகு இன்னும் தடித்துப்போன கட்டு அது. முன்னும் பின்னும் இரண்டு தரம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இதை எங்க சார் எழுதறது? இதுக்குக் கட்டமே இல்லையே."