பெயர் எழுதிய கல்லும் பெயர் வெட்டிய ஏடும்

யுத்தத்தில் மாண்ட சாதாரணச் சிப்பாய்க்குத் தனிக் குழியும் பெயர் பொறித்த கல்லும் தரும் வழக்கம் மிகப் பழையதன்று. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூக் களத்தில் வீழ்ந்த பிரித்தானியச் சிப்பாய்கள் குழிகளில் கும்பலாகப் போட்டு மூடப்பட்டார்கள். அதே ஆண்டில் கண்டி இராச்சியத்தைக் கைக்கொண்ட சாம்ராஜ்யம், இரண்டாண்டு கழித்து அந்நகரிலேயே தன் பட்டாளத்துக்கு ஓர் இடுகாட்டைத் திறந்தது. கண்டி ஒப்பந்தத்தில் முன்னின்ற ஜோன் டொயிலி 1824இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். கல்லும் எழுத்தும் பெரும்பாலும் அவரைப் போன்ற அதிகாரிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்குமே உரியனவாயிருந்தன. இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கல்லறை எழுத்துக்களைத் திரட்டி ஜே. பென்றி லூயிஸ் என்னும் சிவில் அதிகாரி 1913இல் நூலாக்கினார். அரிய உழைப்புத்தான், எனினும் கல் பெற்றவனுக்கே அந்நூலிலும் இடம் உண்டு.

மறு ஆண்டில் மூண்ட மகாயுத்தம் நிலைமையை மாற்றியது. தொழிற்சாலையிலிருந்தும் வயலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் களத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். எங்கள் பிள்ளையின் குழி எங்கே என்று தாய்மார் கேட்டார்கள். பிரான்சில் செஞ்சிலுவைப் பிரிவொன்றை நடத்திய பேபியன் வேர் குழிகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அம்முயற்சியே 1917 மே மாதத்தில் சாம்ராஜ்ய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவாகி, 1960இல் பொதுநலவாயம் என்ற பெயரைச் சூடிக்கொண்டது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வடிவான கல் என்று விதித்தபோது வசதி படைத்த குடும்பங்கள் எதிர்த்தன. 1920இல் பாராளுமன்றத்தில் வாதம் நடந்தது, விதி நிலைத்தது. சாம்ராஜ்யத்திடம் மெச்சத்தக்கவை சில உண்டெனில் இது அவற்றுள் ஒன்று என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

லண்டனில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நமக்கு மடல் எழுதினார். அவருடைய அயல்வீட்டு ஆங்கில மூதாட்டியின் சிற்றப்பன் 1944இல் கண்டியில் காய்ச்சலில் இறந்தவராம். கீழ்நிலைச் சிப்பாய், கொல்லனின் மகன். குடும்பத்தில் எவரும் அக்குழியைப் பார்த்ததில்லை. ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். ஆணைக்குழுவின் பதிவேட்டில் குடும்பப் பெயரையும் ஆண்டையும் இட்டோம். படைப்பிரிவு, சேவை இலக்கம், இறந்த நாள், இடுகாட்டின் பெயர், குழியின் வரிசை எல்லாம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கண்முன் வந்துவிட்டன. பதினேழு இலட்சம் பேரை இவ்வாறு தேடலாம்.

உயர்வகுப்பு மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு வட்டகொடை நிலையத்தில் புகையிரதம் ஏறிக் கண்டிக்குச் சென்றோம். 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்ததை நாம் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அந்த வரியின் விலை கண்டி யுத்த இடுகாட்டில் 203 குழிகளாகக் கிடக்கிறது. பிரித்தானியர் 107, கிழக்காபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனேடியர் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் ஒருவர், இன்னாரென்று அறியப்படாதோர் இருவர். எதிரி நாட்டுச் சிப்பாய்க்கும் இடம் இருக்கிறது. புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. மூதாட்டியின் சிற்றப்பனைக் கண்டு, வழியில் வாங்கிய பூவை வைத்துப் படம் எடுத்தோம். கூட வந்த மாணவி நெடுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேர், எங்க பூட்டனையும் இப்படித் தேடலாமா?” என்றாள்.

கண்டியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மண்ணில் பெயரோடு கிடப்பதைக் கண்டு, எங்கும் இப்படித்தான் என்று எண்ணிவிடலாகாது. 1921க்கு முன் மாண்ட ஆசிய, ஆபிரிக்கச் சிப்பாய்களிலும் சுமைகாவுவோரிலும் குறைந்தது 1,16,000 பேருக்குத் தனிப்பெயரில் நினைவுக் குறி ஏதும் இல்லை என்றும், அத்தொகை மூன்றரை இலட்சம் வரை இருக்கலாம் என்றும் ஆணைக்குழு நியமித்த விசாரணைக் குழுவே 2021 ஏப்பிரலில் அறிக்கையிட்டது. மன்னிப்பும் கோரப்பட்டது. கல்லின் அருமை சுதேசிக்கு விளங்காது என்று மேற்காபிரிக்கக் குடியேற்ற நாடொன்றின் ஆளுநர் 1923இல் சொன்னாராம். தமிழ் படித்த நமக்கு இது சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே தருகிறது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் துறை வகுத்திருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், எடுத்தனூரில், தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்குக்கூடப் பெயர் பொறித்த கல் இருக்கிறது.

அந்தச் சுமைகாவுவோர் யார்? துப்பாக்கி ஏந்தாமல், மூட்டை சுமந்து, நோயிலும் பட்டினியிலும் செத்த கூலிகள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்த நம் முன்னோருக்கு அவர்கள் உடன்பிறப்புகள். 1840களில் அப்பாதையிலும் கோப்பித் தோட்டங்களிலும் மடிந்தவர் எழுபதினாயிரம் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று எழுதியது. அவ்வெண்ணைப் பற்றி ஆய்வாளர் இன்றும் வாதாடுகிறார்கள். வாதாட வேண்டியிருப்பதே, எவரும் எண்ணிவைக்காததனால் அல்லவா?

நம் மக்களை எண்ணவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாள்தோறும் பிரட்டுக்களத்தில் நிறுத்தி எண்ணினார்கள். செக்றோலில் ஒவ்வொரு பெயரும் உண்டு. எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை பேருக்கு அரைப்பேர் என்று காசுக் கணக்கு உண்டு. இறந்த அன்று பேர் வெட்டப்படும். சிப்பாயின் ஏடு அவன் மரணத்தில் திறக்கிறது. தோட்டத்து ஏடு அங்கேயே மூடிவிடுகிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கேட்டவனிடம் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டபோது, பாட்டனையும் தந்தையையும் தின்ற மண்ணைச் சான்றாகக் காட்ட வழியில்லாமற் போயிற்று.

இதே வட்டகொடையின் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர், தேயிலைத் தூரின் கீழே புதைந்தவர்களைத் தம் ஆங்கிலக் கவிதையில் பாடினார். சக்தி பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். மாணவர் பலரும் அதைப் படித்திருக்கிறார்கள். அதைக் கவிஞரின் கற்பனை என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

மாணவியின் பூட்டனைத் தேடப் புறப்பட்டோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காரியாலயத்தில் பழைய செக்றோல்கள் இல்லை. 1975இல் அரசு எடுத்ததும், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனதுமாகக் கை மாறியதில் ஏடுகள் எங்கோ போயின. லயத்துக்குப் போனோம். எண்பத்தைந்து வயதுத் தாத்தா ஒருவர் வாசலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கேட்டவுடன் சொன்னார்: “அவரையா? ஏழாம் நம்பர் மலையடியில வச்சோம். நான் சின்னப் பய. அப்புறம் அங்க கன்னு போட்டுட்டாங்க.”

அவரே வழி காட்ட, ஏழாம் நம்பருக்கு ஏறினோம். நல்ல செழிப்பான தேயிலை. மாணவி இடம் கேட்டாள். தாத்தா ஒரு வரிசையைக் காட்டினார். சற்றுப் பொறுத்து அடுத்த வரிசையைக் காட்டினார்.

அன்று முதல் மாணவர்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். பெயர், வந்த ஊர், கங்காணியின் பெயர், வேலை, இறந்த ஆண்டு, எத்தனையாம் நம்பர் மலை என்று கோடு போட்டிருக்கிறார்கள். முதியோரைக் கேட்டுக் கேட்டு இதுவரை 41 பேரை எழுதியாயிற்று. அவர்களுள் பெண்கள் 19. அவர்களில் பதினொருவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய் என்றே எழுதப்பட்டிருக்கிறது. தாத்தாவின் தாயும் அப்பதினொருவருள் ஒருத்தி. தம் தாயை ஆத்தா என்று அழைத்ததைத் தவிர வேறு பெயர் அவருக்குத் தெரியாது. வருகிற போயா விடுமுறையில் பூண்டுலோயாவிலுள்ள அவருடைய தங்கையைக் கேட்டுவர மாணவர்கள் புறப்படுகிறார்கள்.